ஆயரும் சபையும் பேசிக்கொள்ள: ஒரு சேகரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு திருச்சபையில் தலைமையிலிருந்து மக்களுக்குச் செய்தி போகும் வழிகளுக்குப் பஞ்சமில்லை. பிரசங்கம், ஆராதனை அறிவிப்பு, பேராயரின் சுற்றறிக்கை, கோயில் சுவரில் ஒரு பலகை, மாதப் பத்திரிகை என்று பழைய வழிகள் போதாதென்று இப்போது வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்திருக்கிறது. மக்களிடமிருந்து தலைமைக்குப் பேச்சு திரும்பி வர என்ன வழி என்று கேட்டால்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். வழி இல்லை என்பதற்காகப் பேச்சு நின்றுவிடாது. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலும், கல்யாணப் பந்தியிலும், டீக்கடையிலும் அது நடக்கும். ஆயரின் காதுக்கு வந்து சேரும்போது புகாராகவோ மேலிடமான திருமண்டலப் பெருமன்றத்துக்குப் போகும் மனுவாகவோ வந்து சேரும்.

இங்கே நான் மனத்தில் வைத்து எழுதுவது திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களில் சாதாரணமாகக் காணும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தை. ஒரு குருவானவர் (ஆயர் என்று இங்கே சொல்வதும் அவரைத்தான்), அவர் பொறுப்பில் ஒரு பெரிய சபையும் சுற்றுக் கிராமங்களில் சில சிறு சபைகளும், அங்கங்கே சபை ஊழியர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தலில் வரும் கமிட்டி, மேலே பேராயரின் தலைமையில் பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலம். கத்தோலிக்கப் பங்கில் பங்குத்தந்தை, பங்குப் பேரவை, அன்பியம் என்று பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான். கமிட்டியே இல்லாமல் போதகரின் குடும்பமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தனிச் சபைகளுக்கு இந்த வழிகாட்டி இன்னும் அதிகமாகத் தேவைப்படும். அவர்கள் இதைப் படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

கீழே வரும் படிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். முடிவெடுப்பதற்கு முன் சபையைக் கேளுங்கள். கேட்டபின், வந்த ஒவ்வொரு கருத்துக்கும் குறித்த தேதிக்குள் பதில் சொல்லுங்கள்.

1. செய்தி இப்போது எப்படிப் போகிறது என்று பாருங்கள்

ஒரு தாளில் கமிட்டி கடைசியாக எடுத்த மூன்று முடிவுகளை எழுதுங்கள். பத்து வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். கமிட்டிக்காரர்களின் சொந்தக்கார வீடுகள் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டே கேள்விகள்: இந்த முடிவு உங்களுக்கு எப்போது தெரியும்? யார் சொல்லித் தெரியும்? பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஆயருக்குச் சங்கடமாக இருக்கும். ஆராதனையில் இரண்டு முறை வாசித்த அறிவிப்பைக் கேட்டதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எந்தக் கமிட்டி உறுப்பினர் எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்பது பத்து வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.

ஞாயிறு ஆராதனைக்கு வர இயலாதவர்களின் பட்டியலையும் அதே தாளில் எழுதுங்கள். செவிலியர், காவலர், பஸ் ஓட்டுநர், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் முதியோர், சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு சங்க காணிக்கை (உறுப்பினர் சபைக்குச் செலுத்தும் சந்தா) அனுப்புகிறவர்கள். இன்னொரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம்: கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த மருமகள்கள். சபை அட்டையில் அவர்கள் கணவர் வீட்டுப் பெயருக்குக் கீழே ஒரு வரியாக இருப்பார்கள். பிறந்த ஊர்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவராக இருந்தாலும் இங்கே அவரை எதற்கும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிறு சபைகளில் நிலைமை வேறு. திருவிருந்து நாளில் குருவானவர் வருவார், அடுத்த ஊர் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுவிடுவார். அங்கே மக்களுக்குத் தலைமை என்றால் சபை ஊழியர்தான். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த இரண்டு வீட்டுக்குள் வரப்புத் தகராறு என்று அவருக்குத் தெரியும். கமிட்டியின் முடிவு மட்டும் அவருக்குச் சபையோடு சேர்ந்துதான் தெரியவரும். முதலில் இதை மாற்றுங்கள். கமிட்டி கூடிய மறுநாளே சபை ஊழியர்கள் அனைவருக்கும் முடிவும் அதன் காரணமும் போய்ச் சேர வேண்டும். யாராவது கேட்டால் 'எனக்கே தெரியாது' என்று அவர் சொல்ல நேர்ந்தால், சபை அவரையும் நம்பாது, உங்களையும் நம்பாது.

2. அறிவிப்பைச் சுருக்குங்கள், காரணத்தைச் சேருங்கள்

'வருகிற ஞாயிறு முதல் ஆராதனை காலை 8 மணிக்கு ஆரம்பமாகும். சபையார் குறித்த நேரத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கிறவர் மனத்தில் முதலில் எழுவது 'யாரைக் கேட்டு மாற்றினார்கள்?' என்பதுதான்.

இதையே இப்படிச் சொல்லலாம்: 'கிளைச் சபைக்குக் குருவானவர் 11 மணிக்குள் போய்ச்சேர முடியவில்லை, அங்கே முதியோர் காத்திருக்கிறார்கள். அதனால் ஆராதனையை 8 மணிக்கு மாற்றலாமா என்று கமிட்டி யோசிக்கிறது. சிரமம் உள்ளவர்கள் இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் சபை ஊழியரிடமோ செயலாளரிடமோ சொல்லுங்கள். 27ஆம் தேதி முடிவைச் சொல்கிறோம்.' நான்கு வரிதான். யார் பயனடைகிறார்கள், யாரிடம் பேச வேண்டும், எப்போது பதில் வரும் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

ஒவ்வொரு அறிவிப்பின் தலைப்பிலும் அது எந்த வகை என்று எழுதிவிடுங்கள்: தகவலுக்கு, கருத்துக்கு, செயலுக்கு. விவாக அறிவிப்பும் மரணச் செய்தியும் தகவல். நேர மாற்றமும் கட்டட வேலையும் கருத்துக்கு உரியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்துக்கு மேல் வாசிக்காதீர்கள். மற்றவை பலகைக்குப் போகட்டும்.

அறிவிப்பில் யாரையும் திட்டாதீர்கள். 'சிலர் காணிக்கை செலுத்தாமல் குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்' என்று வாசித்தால், யார் அந்தச் சிலர் என்று கண்டுபிடிப்பதிலேயே அடுத்த அரைமணி நேரமும் போய்விடும். பிரசங்கத்துக்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. பீடத்தில் நிற்கிறவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கமிட்டியில் தன்னை எதிர்த்தவருக்கு வேத வசனத்தை வைத்து ஞாயிறு காலையில் பதில் சொல்லும் ஆயர் அன்றைய வாக்குவாதத்தில் ஜெயிக்கலாம். அந்தக் குடும்பம் அடுத்த மாதத்திலிருந்து வேறு சபைக்குப் போகும்.

3. முடிவுக்கு முன் கேளுங்கள்

தென்மாவட்டச் சபைகளை அதிகம் பிளக்கும் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: பழைய ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது. வெளியூரில் நன்றாக இருக்கும் பிள்ளைகள் பணம் தர முன்வருகிறார்கள், கமிட்டி உற்சாகமாகிறது, வரைபடம் வந்துவிடுகிறது, அஸ்திவாரக் கல் நாட்டப் பேராயரிடம் தேதியும் வாங்கியாகிவிட்டது. அதன் பிறகுதான் சபைக்கு அறிவிப்பு. தாத்தா காலத்தில் பனையேறிச் சேர்த்த காசில் கட்டிய கோயில், பாட்டியின் பெயர் பொறித்த கல், ஊருக்கே நேரம் சொன்ன மணி, இவற்றுக்கெல்லாம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சண்டை அங்கேதான் பிறக்கிறது. வெளியே பார்த்தால் கட்டடச் சண்டை; உள்ளே கேட்டால் 'எங்களைக் கேட்கவில்லையே' என்ற ஒரே வருத்தம்.

நடத்த வேண்டிய வரிசை இது. முதல் மாதத்தில் சிக்கலை மட்டும் சொல்லுங்கள்: மேற்கூரை ஒழுகுகிறது, பண்டிகை நாளில் இடம் போதவில்லை, பொறியாளர் பார்த்துச் சொன்னது இது. தீர்வைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். இரண்டாம் மாதத்தில் குறைந்தது மூன்று வழிகளை வையுங்கள்: பழுதுபார்ப்பது, பக்கவாட்டில் நீட்டுவது, இடித்துக் கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு, எத்தனை மாதம், அதுவரை ஆராதனை எங்கே என்று எழுதுங்கள். மூன்றாம் மாதத்தில் பகுதி பகுதியாக வீடுகளில் கூடிக் கருத்துக் கேளுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குக் கடிதமோ இணையவழிக் கூட்டமோ வையுங்கள். ஆனால் அதிகம் பணம் தருகிறவரின் கருத்துக்கு அதிக எடை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கமிட்டி முடிவெடுக்கட்டும்.

அந்த முடிவை அறிவிக்கும்போது, ஏற்காத கருத்துகளையும் சொல்லி ஏன் ஏற்கவில்லை என்று விளக்குங்கள். பல கமிட்டிகள் இதைச் செய்யத் தயங்குகின்றன, பழைய காயத்தைக் கிளறுவானேன் என்று. நான் பார்த்தவரை நடப்பது வேறு. தன் பேச்சைச் சரியாக எடுத்துச் சொல்லி மறுத்தால் மனிதர் தாங்கிக்கொள்கிறார். பேசியதாகவே காட்டாமல் விட்டால்தான் தாங்கமாட்டார்.

இதற்குச் சில மாதமாகுமே என்பவர்களுக்கு ஒன்று. தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததே நீண்ட பேச்சில்தான். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள் சபைகளின் ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். ஐக்கியம் நிறைவேறியது 1947 செப்டம்பர் 27 அன்று. இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரு மேற்கூரைக்குச் சில மாதம் பேசுவது தாமதமாகாது.

4. திரும்பி வரும் பாதையைப் போடுங்கள்

ஆயரைச் சந்திக்க நேரம் குறியுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் வரலாம்' என்று சொல்வது பெருந்தன்மையாகத் தெரியும். ஆனால் தைரியமுள்ளவர்கள்தான் வருவார்கள். 'செவ்வாய் மாலை 5 முதல் 7 வரை ஆலய அலுவலகத்தில் இருப்பேன்' என்று பலகையில் எழுதினால், கூச்சப்படுகிறவரும் தனக்கென்று ஒரு நேரம் இருக்கிறதென்று வருவார். ஆயர் குடியிருக்கும் குருமனையில் வைக்காமல் அலுவலகத்தில் வைப்பது நல்லது. குருமனைக்கு வந்தால் ஆயரின் மனைவி ஐயரம்மாவுக்கு வேலை. வந்தவருக்கும், தெருவில் யார் பார்த்தார்கள் என்ற கவலை.

அடுத்தது ஒரு பதிவேடு. பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம், நீளமான நோட்டுப் புத்தகம் போதும். தேதி, கேள்வி அல்லது யோசனை, யாரிடம் ஒப்படைத்தது, பதில் சொல்லும் கடைசித் தேதி, சொன்ன பதில் என்று ஐந்து பத்திகள். கேட்டவர் பெயர் வேண்டுமென்றால் தனித்தாளில் இருக்கட்டும். கமிட்டி கூடும்போதெல்லாம் முதல் வேலையாகச் செயலாளர் பதில் பாக்கியுள்ளவற்றை வாசிக்க வேண்டும். 'இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மாதம் பார்க்கிறோம்' என்பதும் ஒரு பதில்தான். எதுவுமே சொல்லாமல் இருப்பதுதான் கெடுதல்.

கேள்விப் பெட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு: மாதம் ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும், திறந்ததற்கு அடுத்த ஞாயிறு பதில்கள் பலகையில் வர வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியில் சாக்லேட் தாள்தான் விழும்.

மொட்டைக் கடிதம் வராத சேகரம் கிடையாது. அதைக் கமிட்டியில் சத்தமாக வாசிக்காதீர்கள். கையெழுத்தை ஒப்பிட்டு ஆள் தேடாதீர்கள். அந்தத் தேடல் தொடங்கிய நாளில் சபையில் பாதிப்பேர் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள். ஒருவருடைய நடத்தையைப் பற்றிய வம்பு மட்டும் என்றால் கிழித்துப் போடுங்கள். கணக்கைப் பற்றியோ பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியோ சரிபார்க்கக்கூடிய தகவல் இருந்தால், எழுதியவர் யார் என்று பாராமல் சரிபாருங்கள்.

5. வீடு சந்திப்பு

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசினார். இரண்டாண்டு கழித்துத் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர் பெற்றவர். 'நீங்கள் உடைமைகளைத் தந்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள்' என்று மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டார். அரங்கில் இருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. உடன் உட்கார்ந்து பேச வராத தலைமையைப் பற்றி நம் ஊர்க்காரர் ஒருவர் அப்போதே கேட்ட கேள்வி இது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், கேள்வி போகவில்லை.

எல்லா வீடுகளையும் ஒரு சுற்று வர எத்தனை மாதமாகும் என்று கணக்கிட்டுத் தெருவாரியாக அட்டவணை போட்டு வெளியிடுங்கள். எந்த வீட்டுக்கு ஆயர் அடிக்கடி போகிறார் என்பதைச் சபை கவனித்துக்கொண்டே இருக்கிறது. கார் நிற்கும் வீட்டுக்கு மட்டும் போகிறார் என்ற பேச்சுக்கு அட்டவணைதான் பதில்.

சங்க காணிக்கை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வசூலும் சந்திப்பும் ஒன்றாக நடந்தால் பாக்கி வைத்திருக்கும் வீடு கதவைச் சாத்திக்கொள்ளும், ஆறுதல் அதிகம் தேவைப்படுவதும் அந்த வீட்டுக்குத்தான். போய் உட்கார்ந்ததும் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். முதலில் பேச விடுங்கள். 'சபையில் எது உங்களுக்கு உதவியாக இருக்கிறது? எது மனதைக் கஷ்டப்படுத்துகிறது?' என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்தான் பதில் சொல்லத் தொடங்குவார். அவர் முடித்ததும், அடுக்களை வாசலில் நிற்கிறவரைப் பார்த்து, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அம்மா?' என்று கேளுங்கள். பல நேரங்களில் விஷயம் அங்கேதான் இருக்கும். ஜெபம் கடைசியில், அப்போது எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

6. பணக் கணக்கு

ஆயரின் உபதேசத்தைப் பற்றிச் சபை பொறுமையாக இருக்கும். கணக்கைப் பற்றி இருக்காது, இருக்கவும் கூடாது. எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகள் நியமித்த சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். ஒருவரும் குற்றஞ்சாட்டக்கூடாது, கர்த்தர் முன்பாக மட்டுமல்லாமல் மனுஷர் முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் எழுதினார். 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கணக்குக் கேட்டவரிடம் கோபப்படும் பொருளாளருக்கு அந்த அதிகாரத்தைக் காட்டலாம். கத்தோலிக்கரின் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது.

காணிக்கையை ஆராதனை முடிந்த கையோடு, ஆலயத்திலேயே, ஒரே குடும்பத்தைச் சேராத மூவர் எண்ண வேண்டும். மூவரும் கையெழுத்திட வேண்டும். ஆயர் எண்ணவும் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அவரைக் காப்பாற்றும் விதி இது. மாதக் கணக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் பலகையில் இருக்கட்டும். தணிக்கையாளர் நடையில் எழுதினால் யாருக்கும் புரியாது. வரவு எங்கிருந்து, செலவு எதற்கு, திருமண்டலத்துக்கு எவ்வளவு அனுப்பினோம், கையில் எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். திருமண்டலப் பங்கு என்ன என்பது தெரியாததால்தான் 'இவ்வளவு காணிக்கை வந்தும் மின்விசிறி மாற்றக் காசில்லையா?' என்ற கேள்வி வருகிறது.

சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கைத் தனியாக வைத்து முப்பது நாளுக்குள் வெளியிடுங்கள். எத்தனை மூட்டை அரிசி, எத்தனை ஆடு, யார் என்ன பொருளாகத் தந்தார்கள், மீதி என்ன ஆனது என்பது உட்பட. பொருளாக வந்த காணிக்கை கணக்கில் ஏறாமல் போவதுதான் வழக்கம்; பேச்சு கிளம்புவதும் அதிலிருந்துதான். காணிக்கைப் பொருளை ஏலத்தில் எடுத்துப் பணம் கட்டாதவர்களின் பெயரை வாசித்துக் கூச்சப்படுத்தாதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். அங்கே கறாராக இருக்கலாம்.

கட்டட நிதிக்கு வந்த காசைப் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு எடுத்திருந்தால், திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணிச் சும்மா இருக்காதீர்கள். எடுத்த அன்றே சொல்லுங்கள். ஒன்றுக்கென்று கொடுத்ததை இன்னொன்றுக்குச் செலவிட, கொடுத்தவர்களின் சம்மதம் வேண்டும்.

7. கூட்டம் நடத்துவது

பொதுக்கூட்டத்தின் பொருள்களை ஒரு வாரத்துக்கு முன்பே எழுதித் தாருங்கள். ஆராதனை முடிந்து, பசி நேரத்தில், 'ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள்' என்று கூட்டும் கூட்டத்தில் கருத்துக் கேட்டதாகக் கணக்கில் எழுதாதீர்கள். மாலையில் வையுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள்.

2023 அக்டோபரில் வத்திக்கானில் கூடிய ஆயர் மாமன்றத்தில் (கத்தோலிக்கத்தில் ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர்) கர்தினால்களும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்தார்கள். பெண்களுக்கும் முதன்முறையாக வாக்குரிமை இருந்தது. அங்கே பேசிய முறை நம் சேகரத்துக்கும் பொருந்தும். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் குறித்த நிமிடத்துக்குள் தன் கருத்தைச் சொல்கிறார், குறுக்கிடக் கூடாது. சற்று அமைதி. இரண்டாம் சுற்றில், மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்று மட்டும் சொல்கிறார். மீண்டும் அமைதி. அதற்குப் பிறகே விவாதம். இரண்டாம் சுற்றுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். அடுத்தவர் பேசும்போது நாம் பதிலைத் தயாரித்துக்கொண்டிருப்போம். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் விழிப்போம்.

தென்னிந்தியத் திருச்சபையில் 2013லேயே ஒரு பெண் பேராயராகிவிட்டார். சேகரக் கூட்டத்தில் இன்னும் பெண்கள் பின்வரிசையில்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கருத்தை முதலில் கேளுங்கள், வாலிபர்களை இரண்டாவதாக. அண்ணாச்சிமார் கடைசியில் பேசட்டும். பெரியவர் ஒருவர் கருத்தைச் சொல்லிவிட்ட பிறகு இளையவர் மாற்றிப் பேசுவது நம் ஊரில் மரியாதைக் குறைவு. வரிசையை மாற்றினால் அந்தச் சங்கடம் இல்லை.

முடிவுகளைக் கூட்டம் கலையும் முன் வாசித்து ஒப்புதல் வாங்குங்கள்.

8. வாட்ஸ்அப்

இரண்டு குழுக்கள் வேண்டும். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம்: ஆராதனை நேரம், மரணச் செய்தி, கணக்கு, முடிவுகள். காலை வணக்கமும் பூப்படமும் அதில் கூடாது. மற்றொன்று பேச்சுக்கு. அதில் ஒரே கட்டுப்பாடு: ஆளைப் பற்றி எழுதக்கூடாது, காரியத்தைப் பற்றி எழுதலாம். இரவில் வாக்குவாதம் கிளம்பினால் நிர்வாகி எழுத வேண்டியது ஒரு வரி: 'இதை நாளை மாலை ஆறு மணிக்கு நேரில் பேசலாம், வாருங்கள்.' எழுத்தில் பதில் சொல்லத் தொடங்கினால் அது படமெடுக்கப்பட்டுத் திருமண்டலம் முழுவதும் சுற்றும்.

ஜெப விண்ணப்பங்களில் மிகவும் எச்சரிக்கை தேவை. கருச்சிதைவு, புற்றுநோய், மகனின் குடி, மகளின் விவாகரத்து, இவை சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் குழுவில் வரக்கூடாது. 'ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்' என்ற பெயரில் வம்பு பரவுவது நம் சபைகளின் பழைய நோய். ஆயரை நம்பிச் சொன்னதை மறுநாள் குழுவில் படித்தவர் இனி யாரிடமும் எதையும் சொல்லமாட்டார்.

கைபேசி இல்லாத வீடுகளுக்கு யார் சொல்வது என்றும் பெயர் குறித்து ஒப்படைத்துவிடுங்கள்.

9. குறையும் புகாரும் வரும்போது

அப்போஸ்தலர் 6இல் கிரேக்கு மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள், அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று. பன்னிரு அப்போஸ்தலரும் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவில்லை. சபையைக் கூட்டி, ஏழுபேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பந்தியை ஒப்படைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. கணக்கைப் பற்றி ஓயாமல் கேட்பவரைக் காணிக்கை எண்ணும் மூவரில் ஒருவராக்கிப் பாருங்கள்.

இருவருக்குள் மனத்தாங்கல் என்றால் மத்தேயு 18 காட்டும் வரிசை போதும்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதன் பிறகே சபை. நம்மவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். ஆயரிடம் ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வந்தால், 'அவரிடம் பேசினீர்களா?' என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இந்த வரிசை பொருந்தாத இடங்கள் உண்டு, அவற்றைக் கமிட்டியில் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால் தனியாகப் போய்ச் சமாதானம் பேசக்கூடாது, கமிட்டி விசாரிக்கவும் கூடாது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம், நிறுவனப் பொறுப்பாளருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஓய்வுநாள் பள்ளி அறையில் எழுதி ஒட்டுங்கள். சபையிலும் சபைப் பள்ளியிலும் வேலை செய்யும் பெண்களுக்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் 'கோயில் மானம் போய்விடும்' என்ற பேச்சுக்கு இடமில்லை. வீட்டில் அடிவாங்கும் பெண்ணை, அடிக்கிறவரோடு தனியாக உட்கார்ந்து பேசு என்று அனுப்பாதீர்கள்.

ஆயரைப் பற்றியே புகார் என்றால்? யாரிடம் போக வேண்டும் என்பது பலகையில் எழுதியிருக்க வேண்டும்: திருமண்டலத்தில் எந்த அலுவலருக்கு, எந்த முகவரிக்கு. தன்னைப் பற்றிப் புகார் செய்யும் வழியைத் தானே எழுதி ஒட்டும் ஆயரைப் பற்றிப் புகார் குறைவாகவே வரும்.

உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. கேள்வியை வாசலில் கேட்காமல் பதிவேட்டில் எழுதுங்கள். பதில் சொல்லும் நாள் வரை பொறுங்கள். 'எல்லோரும் சொல்கிறார்கள் ஐயா' என்று தொடங்காதீர்கள். 'எனக்கு இப்படித் தோன்றுகிறது ஐயா' என்று சொல்லுங்கள். ஆயருக்கும் வீடும் பிள்ளைகளும் சோர்வும் உண்டு. திங்கட்கிழமை அவரை விட்டுவிடுங்கள்.

10. தேர்தலும் மாற்றலும்

திருமண்டலத் தேர்தல் வரும் மாதங்களில் இந்த ஏற்பாடெல்லாம் ஆட்டம் காணும். அணிகள் வரும், நோட்டீஸ் வரும், கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் எந்த அணிக் கேள்வி என்று பார்க்கப்படும். அந்த மாதங்களில் புதிய பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். சபைக் குழுவில் வேட்பாளர் படம் வேண்டாம். ஆயர் எந்த அணிக்கும் வாக்குக் கேட்கக்கூடாது, சாடையாகக்கூட. பதிவேடும் மாதக் கணக்கும் மட்டும் தவறாமல் தொடரட்டும்.

குருவானவர் மாற்றலாகும்போதுதான் அதிகம் இழக்கிறோம். வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்துவதில் காட்டும் அக்கறையை ஒப்படைப்பில் காட்டுவதில்லை. போகிறவர் வருகிறவருக்கு எழுதித் தர வேண்டியவை: பதில் பாக்கியுள்ள கேள்விகள், சபைக்குக் கொடுத்து இன்னும் நிறைவேறாத வாக்குகள், வீடு சந்திப்பு எந்தத் தெருவோடு நிற்கிறது, படுக்கையில் இருப்பவர்கள் யார் யார். யார் நல்லவர், யார் தொந்தரவுக்காரர் என்ற பட்டியல் வேண்டாம். புதியவர் தானே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். பாவ அறிக்கையாகச் சொன்ன இரகசியங்கள் எந்தத் தாளிலும் ஏறக்கூடாது.

புதிய ஆயர் வந்த முதல் மாதத்தில் எதையும் மாற்றாமல், அந்தப் பதிவேட்டில் தேதி கடந்துபோன கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.